கண் அழுத்தத்துக்கு லேசர்: வலது கண்ணுக்கு ஐந்து நட்சத்திரம், இடது கண்ணுக்கு இரண்டரை

இரவு ஒன்பது மணி. இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, கண்ணை இறுக்காமல் மூடி, மூக்கோரம் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். மருந்து தொண்டைக்குள் இறங்காமல் இருக்க அப்படி ஒன்றிரண்டு நிமிடம் அழுத்த வேண்டும் என்பது தாதி சொல்லிக்கொடுத்த பாடம். சரியாக அந்த நேரம் பார்த்துப் பன்னிரண்டாம் மாடிக்காரர் காரில் வந்து நின்றிருக்கிறார். ஹாரன் அடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் காலை நிர்வாக அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போய்விட்டது: காவலர் தூங்குகிறார். கைப்பேசியில் பிடித்த படமும் கூடவே. படத்தில் பார்த்தால் நானே நம்பிவிடுவேன், அப்படி ஒரு தூக்கம்!

நான் சிங்கப்பூரில் கொண்டோ என்னும் தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் இரவுக் காவல் பார்ப்பவன். எட்டு மணிக்கு ஏறி எட்டு மணிக்கு இறங்கும் ஷிப்ட். 1959-இல் பிறந்தவன், அதாவது 1950-களில் பிறந்தவர்களுக்கு அரசு சலுகை தரும் மெர்டேக்கா தலைமுறையின் கடைசி வண்டியைப் பிடித்தவன். சர்க்கரை பத்து வருடமாக இருக்கிறது. கண் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா, நாலு வருடமாக. இரண்டு கண்ணுக்கும் எஸ்எல்டி என்னும் லேசர் செய்துகொண்டு இப்போது ஒரு வருடம் ஆகிறது. செய்வதற்கு முன் தமிழில் தேடிப் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் 'பயம் வேண்டாம், எளிய சிகிச்சை' என்ற அளவில்தான் இருந்தது. பயம் இருக்கட்டும், போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும், என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று செய்துகொண்டவன் சொன்னால்தானே தெரியும்? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எனக்குப் பார்வையில் எந்தக் குறையும் தெரியவில்லை. கார் கேட்டுக்கு வருவதற்குள் நம்பர் பிளேட்டைப் படித்துவிடுவேன். சர்க்கரை நோயாளிகளுக்குப் பலதுறை மருந்தகத்தில், அதாவது பாலிகிளினிக்கில், விழித்திரையைப் படம் எடுப்பார்களே, அதில்தான் மாட்டினேன். நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் குழி அகலமாகத் தெரிகிறது என்று கடிதம் கொடுத்து, அரசு மருத்துவமனை ஒன்றின் கண் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே அழுத்தம் பார்த்தார்கள். வலது 25, இடது 27. பொதுவாக 10-லிருந்து 21 வரை இருக்கலாம். இரத்த அழுத்தம் வேறு, இது வேறு. என் இரத்த அழுத்தம் நன்றாகத்தான் இருக்கிறது.

எங்கள் கொண்டோவின் நீச்சல் குளத்து ஓரத்தில் சல்லடை போட்ட வடிகால் உண்டு. இலையும் குப்பையும் சேர்ந்தால் தண்ணீர் இறங்காமல் ததும்பி நிற்கும். டாக்டர் படம் போட்டு விளக்கியபோது எனக்கு அந்தச் சல்லடைதான் ஞாபகம் வந்தது. கண்ணுக்குள் கருவிழித் திரைக்குப் பின்னால் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. கண்ணீர் இல்லை, அது வெளியே ஊறுவது. இது பாப்பா வழியாக முன்பக்கம் வந்து, திரையும் கண்ணின் முன்கண்ணாடியும் சேரும் மூலையில் உள்ள சல்லடை வழியாக வடிந்துபோக வேண்டும். எனக்கு மூலை திறந்துதான் இருக்கிறது, சல்லடைதான் மந்தம். நீர் தேங்க, அழுத்தம் ஏற, பின்னால் இருக்கும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. தேய்ந்தது தேய்ந்ததுதான். சொட்டு மருந்தோ லேசரோ கத்தியோ, எதுவும் போன நரம்பைத் திருப்பித் தராது. இருப்பதைக் காக்கத்தான் எல்லாமே. லேசர் செய்தால் பார்வை பளிச்சென்று ஆகும் என்று யாராவது சொன்னால், அவர் கண்புரை அறுவையோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்.

மூன்று வருடம் லாட்டனோபிராஸ்ட் சொட்டு விட்டேன். இரவில் ஒரு தடவை, கண்ணுக்கு ஒரு சொட்டு. அழுத்தம் 17, 18-க்கு இறங்கியது. மருந்தைக் குறை சொல்ல மாட்டேன், அது தன் வேலையைச் செய்தது. ஆனால் கண் எப்போதும் சிவந்தே இருந்தது. இமையைச் சுற்றிக் கறுத்தது. இமை முடி நீண்டு வளர்ந்தது. "மை போட்டுக்கிட்டு வேலைக்குப் போற மாதிரி இருக்குங்க" என்று வீட்டில் கேலி. அப்புறம் அந்தப் பாட்டிலைப் பாதுகாக்கும் கூத்து. திறக்காததைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். திறந்ததை 25 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறது. ஏர்கான் போடாத சிங்கப்பூர் வீட்டில் 25 டிகிரிக்கு எங்கே போவது? காவல் கூண்டில் கேட்கவே வேண்டாம். சாப்பாட்டுப் பையில் ஐஸ் பொட்டலத்தோடு வைத்து எடுத்துப்போவேன். லாரி வந்த நாள், தீயணைப்பு மணி தவறாக அடித்த நாள், மழையில் பார்சல்காரர்கள் வரிசை கட்டிய நாள், அன்றெல்லாம் ஒன்பது மணி பத்தாகி, பத்து மறந்தும் போகும்.

"மாதத்தில் எத்தனை நாள் விட்டுப்போகிறது?" என்று டாக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் பேசாமல் என்னையே பார்த்தார். ஏழெட்டு நாள் என்றேன். அப்போதுதான் லேசர் பேச்சை எடுத்தார். புகார் மின்னஞ்சல் கதையையும் சொன்னேன். சிரித்துவிட்டு, "லேசர் உங்களைக் காப்பாற்றலாம், காப்பாற்றாமலும் போகலாம்" என்றார். அந்த 'காப்பாற்றாமலும்' பிடித்திருந்தது. வேலை செய்தால் இருபது முதல் முப்பது விழுக்காடு இறங்கும், சிலருக்கு இறங்கவே இறங்காது, இறங்கினாலும் சில வருடத்தில் பலன் குறையலாம், தேவைப்பட்டால் திரும்பச் செய்யலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

என் மகள் சும்மா விடவில்லை, உட்கார்ந்து படித்தாள். பிரிட்டனில் 'லைட்' என்று ஓர் ஆய்வு, 2019-இல் லான்செட் இதழில் வந்தது. அதில் லேசரை முதலில் செய்துகொண்டவர்களில் 74 விழுக்காட்டினர் மூன்று வருடம் கழித்தும் சொட்டு மருந்து இல்லாமலே அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். ஆகா என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தால், "அப்பா, அவங்கெல்லாம் புதுசா கண்டுபிடிச்சவங்க. நீங்க மூணு வருஷம் மருந்து விட்டவரு. அதே கணக்கை உங்களுக்குப் போடாதீங்க" என்றாள். டாக்டரைவிடக் கண்டிப்பு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நானே குழம்பினேன். என்னோடு ஷிப்ட் பார்க்கும் சீன நண்பரும் 'கண் அழுத்தத்துக்கு லேசர்' செய்தவர்தான். ஆனால் அது வேறு. அவருக்குக் கண்ணின் மூலையே குறுகி மூடிக்கொள்ளும் வகை. அந்த வகை சீனர்களிடம் கூடுதல். திடீரென்று ஒரு ராத்திரி ஒற்றைக் கண்ணில் குத்துவலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். வயிற்றுக் கோளாறு என்று நினைத்து மாத்திரை போட்டிருக்கிறார். நல்லவேளை, மகன் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனான். அவருக்குக் கருவிழித் திரையில் லேசரால் சின்ன ஓட்டை போட்டு நீருக்கு மாற்று வழி திறந்தார்கள். எனக்குச் செய்ததில் ஓட்டை கிடையாது. பச்சை ஒளி, 532 நானோமீட்டர், ஒவ்வொரு மின்னலும் ஒரு வினாடியின் நூறு கோடியில் மூன்று பங்கு நேரம்தான். சல்லடையில் நிறமுள்ள உயிரணுக்களை மட்டும் அது தட்டி எழுப்புகிறது. அப்புறம் உடம்பே தன் துப்புரவு ஆட்களை அனுப்பிச் சல்லடையைச் சுத்தம் செய்துகொள்ளுமாம். முன்பு 1979 வாக்கில் வந்த ஆர்கான் லேசர் சல்லடையைச் சுட்டுவைக்கும், அதனால் திரும்பச் செய்ய யோசிப்பார்கள். இதில் அந்தச் சூடு இல்லை. நண்பரிடம் போய் "வலித்ததா?" என்று கேட்டு அவர் சொன்ன பதிலை வைத்து நான் ஒரு வாரம் பயந்தது வீண். அவர் செய்த சாமானே வேறு.

லேசருக்கு முன்னால் பார்வைப் புலச் சோதனை ஒன்று எடுத்தார்கள். நான் வெறுப்பது இதைத்தான். இருட்டறையில் வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுவில் உள்ள புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். ஓரங்களில் எங்கேயாவது வெளிச்சப் பொட்டு மின்னினால் கையில் உள்ள பொத்தானை அமுக்க வேண்டும். சில பொட்டு இருந்ததா, நாமே நினைத்துக்கொண்டோமா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மங்கல். இரவு ஷிப்ட் முடிந்து நேரே போனேன். மூன்றாவது நிமிடத்தில் "அங்கிள், டோன்ட் ஸ்லீப்" என்றது ஒரு குரல். இங்கேயும் அதே புகார்! அந்தத் தாளில் பாதி வானம் கறுப்பாக இருந்தது. டாக்டர் அதை ஒதுக்கிவிட்டு, தூங்கி எழுந்து வரச் சொன்னார். இரண்டாவது முறை, இடது கண்ணில் மூக்குப் பக்கம் மேலே மட்டும் கறுப்பு. அது நிஜக் கறுப்பு. அந்த இடத்தில் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை என்பது அந்தத் தாளைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. வலது கண் அந்த இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொடுத்துவிடுகிறது. இரண்டு கண் இருப்பதில் உள்ள ஆபத்து இதுதான் போல.

லேசர் நாள். வலது கண் முதலில், இரண்டு வாரம் கழித்து இடது. காலை ஒன்பதரைக்கு வரச் சொன்னார்கள், கூப்பிட்டது பன்னிரண்டே கால். நடுவில் திரையில் எண் ஓடுவதைப் பார்ப்பதும், எழுந்துபோனால் என் எண் வந்துவிடுமோ என்று கழிப்பறைக்கும் போகாமல் இருப்பதுமாகக் கழிந்தது. சொட்டு மருந்து விட்டார்கள். மரக்க ஒன்று, பிறகு சுரீரென்று எரியும் இன்னொன்று. எரிவது, லேசருக்குப் பிறகு அழுத்தம் எகிறாமல் இருக்க. வாய் காய்ந்தது. கேட்டால் அதுவும் மருந்தின் வேலைதான் என்றார்கள். என் பக்கத்தில் இருந்த மலாய் அம்மா நோன்புக்காரர்போல உதட்டை நக்கிக்கொண்டே இருந்தார், அவருக்கும் அதே சொட்டு.

உள்ளே வழக்கமான கருவிதான், தாடையை வைத்து நெற்றியை ஒட்டிக்கொள்ளும் அதே நாற்காலி. பசைபோல ஒன்றைத் தடவிய கண்ணாடி வில்லையைக் கண்ணின் மேலேயே பதித்தார். வலிக்கவில்லை, குளிர்ந்தது. ஆனால் இமைக்க முடியாது, இமைக்க முயன்றால் வில்லையில் முட்டும். அந்தத் தவிப்புதான் முழு விஷயத்திலும் பிடிக்காதது. பிறகு டிக், டிக், டிக். ஒவ்வொரு டிக்குக்கும் பச்சையாக ஒரு மின்னல். அவ்வப்போது ஊசி முனையால் தொட்ட மாதிரி ஒரு சுருக். கடிகார முள்ளைச் சுற்றுவதுபோல வில்லையைச் சுற்றிக்கொண்டே போனார். சுற்றிலும் நூறு பொட்டு வைப்பதாகச் சொன்னார். நான் எண்ண ஆரம்பித்து நாற்பதில் விட்டேன். ஐந்து நிமிடம் ஆகியிருந்தால் அதிகம். மூன்று மணி நேரம் காத்திருந்தது இதற்கா என்றுதான் முதலில் தோன்றியது.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அழுத்தம் பார்த்தார்கள். 17 இருந்தது 23 ஆகியிருந்தது. "நார்மல், அங்கிள், வெயிட்" என்றார் தாதி. வெயிட் என்றால் இன்னொரு மணி நேரம். அப்போது 19. அனுப்பிவிட்டார்கள். பொருள்கள் மேல் பனி படர்ந்த மாதிரி மங்கல், அன்று மாலைக்குள் சரியாகிவிட்டது. வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். நான் ரயிலில் வந்தேன், நிலையத்தின் பெயர்ப் பலகையை வாசிக்கச் சிரமமாக இருந்தது. இரண்டு நாள் மணல் விழுந்தது போன்ற உறுத்தல், வெயிலைப் பார்த்தால் கூச்சம். இரண்டு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, கொடுத்தார்கள். வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கினேன். அந்தத் தூக்கத்துக்கு யாரும் படம் எடுக்கவில்லை.

இனி முக்கியமான விஷயம், பலன். அன்றோ மறுநாளோ எதுவும் தெரியாது. ஆறு வாரம்வரை பொறுக்க வேண்டும் என்றார்கள், அதுவரை பழைய சொட்டும் தொடர வேண்டும். ஆறாவது வாரம் இரண்டு கண்ணிலும் சொட்டை நிறுத்திவிட்டு, அடுத்த மாதம் வந்து காட்டச் சொன்னார்கள். மருந்து இல்லாமல் வலது கண் 17. இதுவரை நாலு தடவை பார்த்தாயிற்று, 18-ஐத் தாண்டவில்லை. இடது கண்ணில் 22. மோசம் இல்லை, 27-லிருந்து வந்திருக்கிறது. ஆனால் ஏற்கெனவே பார்வையில் ஒரு மூலை போன கண்ணுக்கு 22 போதாது என்று டாக்டர் திரும்பவும் சொட்டை எழுதினார். ஒரே டாக்டர், ஒரே இயந்திரம், ஒரே ஆள். ஒரு கண் கேட்டது, இன்னொன்று பாதி கேட்டது. ஏன் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். அந்த நேர்மைக்கும் ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். லேசர் கட்டணத்துக்கு மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தலாம். பலதுறை மருந்தகக் கடிதத்தோடு மானிய நோயாளியாகப் போனேன். மெர்டேக்கா அட்டையால் மானியம் போன பில்லில், டாக்டரைப் பார்ப்பதற்கும் மானிய மருந்துக்கும் இன்னும் 25 விழுக்காடு கழிகிறது. தனியாரிடம் போனால் காத்திருப்பு குறையும், பணப்பை குறைவதற்கு அவரவர் பொறுப்பு. மருந்து விஷயத்தில் எனக்கு ஒரு சின்ன வருத்தம். பாட்டிலைத் திறந்து நாலு வாரம் ஆனால் மிச்சம் இருந்தாலும் தூக்கிப்போட வேண்டும். முன்பு ஒரு பாட்டில் இரண்டு கண்ணுக்கு. இப்போது அதே பாட்டில், அதே விலை, ஒரு கண்ணுக்கு. பாதியைக் குப்பையில் போடும்போது மனசு கேட்பதில்லை.

மருத்துவமனைக்குத் தனியாக மதிப்பெண் போடச் சொன்னால், கைக்கு நல்ல மதிப்பெண், கடிகாரத்துக்கு மோசமான மதிப்பெண். இன்னொன்று: லேசருக்குப் பின் அழுத்தம் ஏறலாம், இறங்கும் வரை உட்காரவைப்பார்கள் என்பதை யாராவது முன்கூட்டி ஒரு வரி சொல்லியிருக்கலாம். 23 என்று கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. கையெழுத்து வாங்கிய தாளில் எழுதியிருந்தது என்றார்கள். இருந்தது, ஆங்கிலத்தில், நாலாம் பக்கம். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் பிறகு வந்து, "ஐயா, பயப்படாதீங்க, நிறையப் பேருக்கு இப்படித்தான்" என்றார். அவர் காலையிலேயே அந்தப் பக்கம் வந்திருக்கலாம்.

என் தம்பி ஈசூன் வட்டாரத்தில் இருக்கிறான். கூடப் பிறந்தவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம், பார்க்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து மாதம் ஒரு தடவை சொல்கிறேன். "எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது அண்ணே" என்கிறான். எனக்கும் நன்றாகத்தான் தெரிந்தது. போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவனிடம் அந்தக் கறுப்பு விழுந்த தாளைக் காட்டினேன். முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தான். போவதாகச் சொல்லியிருக்கிறான், இன்னும் போகவில்லை.

இப்போது இடது கண் இமை முடி மட்டும் நீளம், வலது கண்ணில் பழையபடி. வீட்டில் அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், இங்கே எழுத மாட்டேன். இரவு ஒன்பது மணிக்குச் சாப்பாட்டுப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து இடது கண்ணில் ஒரு சொட்டு விட்டு, மூக்கோரம் அழுத்திக்கொண்டு அந்தக் கண்ணை மட்டும் மூடியிருக்கிறேன். வலது கண் திறந்தபடி கேமரா திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நேற்று அந்த நேரம் பன்னிரண்டாம் மாடிக்காரரின் மனைவி நடந்து வந்தார். என்னைப் பார்த்தார், நின்றார், வேகமாக லிஃப்ட் பக்கம் போய்விட்டார். கண்ணடித்தேன் என்று மின்னஞ்சல் வராமல் இருந்தால் சரி.